ஒட்டுத்தாளாகிப் போன முகப்பு விளக்கு: நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனின் விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விதிக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நீங்கள் நடத்தும் டிராக் பந்தயங்களை, அதாவது நேரான ஓடுதளத்தில் இரண்டிரண்டு வண்டிகளாக மோதும் பந்தயங்களை, நியூ ஜெர்சியில் குடியேறிய காலம்தொட்டுப் பார்த்து வரும் ரசிகன் நான். இங்கிலீஷ்டவுன் ஓடுதளத்தில் 2018-இல் டிராக் பந்தயம் நின்றுபோன பிறகு, பென்சில்வேனியாவின் ரெடிங் நகருக்கு அருகிலுள்ள மேப்பிள் குரோவுக்குப் போய்வருகிறேன். என்னோடு அங்கே பார்வையாளர் படிக்கட்டுகளில் உட்காரும் நண்பர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பந்தய வண்டிகளில் கடைக் கார்களின் பெயர் மட்டும் மிஞ்சி உருவம் போய்விட்டது என்று எங்களுக்குள் ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்ட ஒரு குறையை எங்கள் மொழியிலேயே முறையாக எழுதிவிட வேண்டும் என்பதால் இந்த மடல்.

2000களின் தொடக்கத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்தது பழைய செவர்லே கேவலியர். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் எஞ்சின். முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் எளிய வண்டி. இங்கிலீஷ்டவுனில் ப்ரோ ஸ்டாக் பிரிவில் 'கேவலியர்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, என் காரையே பந்தயத்துக்கு அழைத்ததுபோல எழுந்து நின்று கத்தினேன். உங்கள் பந்தயங்களில் எந்த நுழைவுச்சீட்டு வாங்கினாலும் வண்டிகளைப் பிரித்து மாட்டும் பகுதிவரை போய்ப் பார்க்கலாம். வேறு எந்த மோட்டார் பந்தயமும் எளிய ரசிகனுக்கு இவ்வளவு தாராளமாகத் தராத பெரும் உரிமை அது. ஓட்டம் முடிந்ததும் அங்கே போனேன். பானெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது 500 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின்; அதன் தலையில் இரண்டு பெரிய கார்புரேட்டர்கள். பின்சக்கரங்கள் இரண்டும் என் காரின் பின்னிருக்கை இருந்திருக்க வேண்டிய இடம்வரை அகன்று நின்றன. அந்த வண்டியில் என் கேவலியரிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு திருகாணிகூட இல்லை. பெயர் மட்டுமே பொதுவாக இருந்தது.

டிராக் பந்தய வண்டிகள் கடையில் நிற்கும் கார்களைப் போலவே இருக்க வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. ஃபன்னி கார் பிரிவைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. 1965-இல் கிறைஸ்லர் நிறுவனத்தார் தங்கள் டாட்ஜ், பிளிமத் வண்டிகளின் பின் அச்சைப் பதினைந்து அங்குலமும் முன் அச்சைப் பத்து அங்குலமும் முன்னோக்கி நகர்த்திக்கொண்டு வந்தார்கள். பார்க்க விசித்திரமாக இருந்ததால்தான் 'ஃபன்னி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த வண்டிகளை அப்போதைய தொழிற்சாலைச் சோதனைப் பிரிவில் ஓட விடாமல் மறுத்தது உங்கள் அமைப்புதான். அடுத்த ஆண்டே மெர்க்குரி காமெட் வண்டிகள் முழுதாகத் தூக்கித் திறக்கும் கண்ணாடியிழை மேற்கூட்டுடன் வந்தன. 1969-இல் நீங்கள் அவற்றுக்கென்று தனிப் பிரிவே ஒதுக்கினீர்கள். இன்று அந்தப் பிரிவில் கதவு என்பது வர்ணத்தால் வரைந்த ஒரு கோடு. ஓட்டுநர், தூக்கி நிறுத்திய கார்பன் இழைக் கூட்டின் அடியில் புகுந்து உட்காருகிறார். ஆபத்து நேர்ந்தால் வெளியேறக் கூரையில் ஒரு மூடி இருக்கிறது. கூட்டில் செவர்லே கமேரோ என்று எழுதியிருந்தாலும் டொயோட்டா சுப்ரா என்று எழுதியிருந்தாலும், அடியில் இருப்பது கிறைஸ்லரின் 'ஹெமி' என்ற பழைய வி8 எஞ்சின் வழிவந்த, நைட்ரோமீத்தேன் எரிபொருளைக் குடிக்கும் பத்தாயிரம் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஒரே வகை எஞ்சின். இது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவின் பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அது கிளம்பும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ப்ரோ ஸ்டாக்கின் கதை வேறு. ஃபன்னி கார்கள் கடைக் கார்களை விட்டு விலகிப் போனபோது, தங்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் போன்ற வண்டிகள் ஓடுவதைப் பார்க்க விரும்பியவர்களுக்காக 1970-இல் நீங்கள் தொடங்கியது அது. பொமோனாவில் நடந்த முதல் பந்தயத்தில் பில் ஜென்கின்ஸ் தம் 1968ஆம் ஆண்டுக் கமேரோவில், பிளிமத் பாராகுடாவில் வந்த ரானி சாக்ஸை வென்றார். கால் மைல் தூரம், சுமார் பத்து நொடி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே உருவமுள்ள வண்டியில் ஏறித்தான் அன்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். 'ஸ்டாக்', அதாவது 'கடையில் விற்றபடியே', என்ற சொல் தந்த வாக்குறுதி அதுதான்: எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் சரி, காரின் உருவம் கடையில் இருப்பதாகவே இருக்கும்.

அந்த வாக்குறுதி எப்படித் தேய்ந்தது என்பதை யார்மீதும் பழி போடாமல் பார்க்கலாம். கிறைஸ்லரின் ஹெமி வண்டிகள் தொடர்ந்து வென்றன. அதைச் சமன் செய்ய, சிறிய எஞ்சின் பூட்டிய சிறிய கார்களுக்கு 1972-இல் எடைச் சலுகை கொடுத்தீர்கள். அந்த விதியை முதலில் சரியாகப் படித்தவர் ஜென்கின்ஸ். கடையில் நான்கு சிலிண்டர் எஞ்சினுடன் விற்ற செவர்லே வேகாவுக்குள் 331 கன அங்குல வி8-ஐ வைத்து அந்த ஆண்டின் முதல் பந்தயத்தையே வென்றார். 1974-இல் அவர் கொண்டுவந்த அடுத்த வேகா, முழுக்க முழுக்கக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த சட்டகத்தின்மேல் நின்றது. வேகா என்பது அப்போதே ஒரு போர்வையாகிவிட்டது. அவர் திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. விதி திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் அவர் நடந்தார். ஆனால் அந்த வாசலை மூட நீங்கள் பிறகு முயலவே இல்லை என்பதே என் மனக்குறை.

1982-இல் எல்லாருக்கும் ஒரே அளவு என்று வந்தது: 500 கன அங்குலம், 2,350 பவுண்டு. கணக்கு எளிமையானது, பந்தயங்கள் நெருக்கமாயின. கூடவே, மேலே எந்தக் காரின் பெயர் இருக்கிறது என்பது பொருளற்றதாகிவிட்டது. பாப் கிளிடன் ஃபோர்டு ப்ரோபில் வென்றார். கடையில் விற்ற ப்ரோப், மாஸ்டாவின் அடித்தளத்தில் செய்த முன்சக்கர இயக்கக் கார். டாரல் ஆல்டர்மன் டாட்ஜ் டேடோனாவில் சாம்பியன் ஆனார்; அதுவும் கடையில் முன்சக்கர இயக்கம்தான். கேவலியர், கோபால்ட், ஸ்ட்ராடஸ், டார்ட் என்று அடுத்தடுத்து வந்த பெயர்கள் எல்லாம் அதே ரகம். பள்ளிக்கூட ஆசிரியரும் செவிலியரும் வேலைக்கு ஓட்டிப்போகும் சிறு கார்களின் முகமூடியை, பின்சக்கரத்தில் பாயும் ராட்சதர்களுக்கு மாட்டிவிட்டார்கள். காரின் முகம் என்று எஞ்சியது, முன்பக்கத்தில் ஒட்டிய படத்தாள்.

ஒருமுறை மேப்பிள் குரோவுக்கு என் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. ஓர் அணியினர் அவளை வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அன்போடு படம் எடுக்கவிட்டார்கள். அவள் குனிந்து முகப்பு விளக்கைத் தொட்டாள். விரல் வழுக்கியது, கண்ணாடியின் விளிம்பு எங்கும் தட்டுப்படவில்லை. விளக்கின் உட்குழிவு, அதனுள் பல்பின் பளபளப்பு, ஓரத்து நிழல் எல்லாம் அச்சிட்டவை. நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தபோது ஒட்டுத்தாளின் ஓரம் சிறிது எழும்பியது. பதறிப்போய் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டாள். திரும்பி வரும் வழியில், "அப்பா, அது நிஜக் கார் இல்லையா?" என்று கேட்டாள். குழாய்ச் சட்டகம், கார்பன் இழை, காற்றுத்தடை என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் விளக்கினேன். அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்கே தெரிந்திருந்தது.

நீங்கள் மாற்ற நினைத்தால் மாற்ற முடியும் என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2016-இல் பானெட்டின்மேல் நாற்பதாண்டுக் காலத்துக்கும் மேலாக எழும்பி நின்ற, எஞ்சினுக்குக் காற்றை வாங்கித் தரும் காற்றுக்கூண்டை எடுக்கச் சொன்னீர்கள். கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு எரிபொருள் செலுத்துமுறையைக் கட்டாயமாக்கினீர்கள். எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 10,500 என்று கட்டுப்படுத்தினீர்கள். பழைய அணிகள் செலவைச் சொல்லி முணுமுணுத்தன. ஆயினும் பானெட் தட்டையான அன்றுதான் கமேரோ பல ஆண்டுகளுக்குப் பிறகு கமேரோவைப் போலத் தெரிந்தது. அடுத்த அடியும் அதே திசையில் விழும் என்று நம்பினேன். மாறாக 2018-இல், எந்த நிறுவனத்தின் எஞ்சினை எந்த நிறுவனத்தின் மேற்கூட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தீர்கள். போட்டிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டவே அப்படிச் செய்திருப்பீர்கள் என்பது புரிகிறது. ஆனால் ஃபோர்டு என்று எழுதிய வண்டிக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் இருக்கலாம் என்றால், ஃபோர்டுக்காகக் கைதட்டுகிறவன் எதற்காகக் கைதட்டுகிறான்?

இதைவிடப் பெரிய மாற்றம் உங்கள் ஓடுதளத்துக்கு வெளியே நடந்திருக்கிறது. கடையில் விற்ற டாட்ஜ் டீமன் 170, கால் மைலை 8.91 நொடியில் ஓடியதாக 2023-இல் உங்கள் அமைப்பே சான்றளித்தது. எண் பலகையும் வானொலியும் உள்ள சாலைக் கார் அது. 1970-இல் பொமோனாவில் ஜென்கின்ஸ் ஓட்டிய ப்ரோ ஸ்டாக் வண்டியைவிட அது ஒரு நொடிக்கும் மேல் வேகமானது. கடைக் கார் மெதுவானது, ஆகவே அதன் உருவத்தை விட்டால்தான் பந்தயம் சுவைக்கும் என்ற பழைய காரணம் செத்துப் போய்விட்டது.

உங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பை நான் அறிவேன். மணிக்கு 210 மைல் வேகத்தில் ஓடும் வண்டிக்கு, கடைக் காரின் நிமிர்ந்த முகமும் தட்டையான பின்பக்கமும் ஆபத்து. காற்று அதைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். 1986-இல் அட்லாண்டாவில் கிளிடனின் தண்டர்பேர்டு உருண்டதை மறந்தவர்கள் யாரும் இல்லை. உயிரைக் காக்கும் குழாய்க் கூண்டிலோ, தீயணைப்பு ஏற்பாட்டிலோ, இருக்கையிலோ ஒரு நூல் அளவுகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அவை உள்ளே இருப்பவை, வெளி உருவத்தோடு அவற்றுக்குப் பகை இல்லை. வெளி உருவத்தால் வேகம் குறையுமானால் குறையட்டும். ஆறரை நொடி ஏழரை ஆனாலும் படிக்கட்டில் இருப்பவனுக்கு அந்த ஒரு நொடி இழப்பாகாது. அருகருகே ஓடும் இரு வண்டிகளின் இடைவெளியைத்தான் கண் பார்க்கிறது. உங்களுடைய ஃபேக்டரி ஸ்டாக் ஷோடவுன் என்ற பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்ரா ஜெட் மஸ்டாங்கும் கோப்போ கமேரோவும் டிராக் பேக் சாலஞ்சரும் தொழிற்சாலைத் தகட்டு உடலோடு, ஒன்பது அங்குல டயரில், முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பக் கிளம்பி ஏழு நொடி சொச்சத்தில் முடிக்கின்றன. அந்த ஓட்டத்துக்கு எங்கள் வரிசையே எழுந்து நின்றுவிடும்.

அமெரிக்காவின் இன்னொரு கார் பந்தய அமைப்பான நாஸ்கார் பட்ட பாட்டையும் நினைத்துப் பாருங்கள். 2007-இல் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே உடலைக் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை ஒட்டுத்தாளிடம் விட்டார்கள். ரசிகர்களும் கார் நிறுவனங்களும் சலித்துக்கொண்ட பிறகு, 2013-இல் கடைக் காரின் சாயல் திரும்பும்படி உடலை மறுபடியும் வரைந்தார்கள். ஒருமுறை இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

ஆகவே நான் கேட்பது இதுதான். ப்ரோ ஸ்டாக்கில் கூரையும் கதவும் பின்பக்கவாட்டுத் தகடும் தொழிற்சாலை அளவிலேயே இருக்க வேண்டும் என்றும், அதைப் பந்தய நாளன்று எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்ட வேண்டும் என்றும் விதி எழுதுங்கள். பொருள் கார்பன் இழையாக இருந்தாலும் பரவாயில்லை, உருவம் மாறக்கூடாது. விளக்குகள் எரியட்டும். ஒரு நிறுவனத்தின் உடலுக்குள் அந்த நிறுவனத்தின் எஞ்சினே இருக்கட்டும். வலுவில் ஏற்றத்தாழ்வு வந்தால் எடையைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யுங்கள், அந்தக் கலை உங்களுக்கு 1970களிலிருந்தே கைவந்தது.

கடினமான இடம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. சாலஞ்சர், கமேரோ இரண்டின் உற்பத்தியும் 2023 இறுதியோடு நின்றுவிட்டது. இன்று ப்ரோ ஸ்டாக்கை நிறைத்து நிற்பவை கமேரோக்கள். அதாவது அந்தப் பிரிவில் பெரும்பாலும் ஓடுவது, புதிதாக யாரும் வாங்க முடியாத கார். பழைய அணிகளின் முதலீட்டை ஒரே நாளில் குப்பையாக்கச் சொல்லவில்லை. சில ஆண்டுகள் தவணை கொடுங்கள். அந்தத் தவணைக்குள் நான்கு கதவுக் கார்களுக்கும் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின்களுக்கும் பிரிவைத் திறந்துவிடுங்கள். மின்கார்களுக்கும் கதவு திறக்க வேண்டிய நாள் வந்தால் அதையும் தயங்காமல் செய்யுங்கள். வி8-இன் ஓசையை எங்களில் பலர் உயிராக நேசிக்கிறோம், நானும்தான். என்றாலும், கடையில் என்ன நிற்கிறதோ அதுவே ஓடுதளத்திலும் நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடையில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று பின்வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த விதிப்புத்தகத்தை எழுத உட்காரும் முன், இலையுதிர்காலப் பந்தயத்துக்கு மேப்பிள் குரோவுக்கு வரும்போது வண்டியின் உருவத்தை ஒப்பிட்டு அளக்கும் உங்கள் அளவுத் தகடுகளை ரசிகர்கள் கார் நிறுத்தும் புல்வெளிக்கு ஒருமுறை எடுத்து வாருங்கள். அங்கே மஸ்டாங்குகளும் கமேரோக்களும் வரிசையாக நிற்கும். உரிமையாளர்கள் மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்கள். கூரையின்மீது ஒரு தகட்டையும் முகப்பின்மீது ஒரு தகட்டையும் வைத்துப் பார்த்து, எத்தனை அங்குலம் இடைவெளி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த விதி அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
மேப்பிள் குரோவின் படிக்கட்டுகளிலிருந்து ஒரு ரசிகன்