பெல்ட்டைப் பற்றி மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மகளுக்கு,

காக்கநாட்டு மெக்கானிக் உன் ஸ்கூட்டரைத் திறந்து பார்த்து, பெல்ட்டையும் ரோலர்களையும் மாற்றத்தான் வேண்டும் என்றும், கிளட்ச்சைப் பற்றி அதைக் கழற்றிய பிறகுதான் சொல்ல முடியும் என்றும் கூறியதாக எழுதியிருந்தாய். அலுவலகத்தில் உள்ளவர்கள் இது காசு பிடுங்கும் வேலை என்று சொன்னதால் வண்டியை அப்படியே எடுத்து வந்துவிட்டதாகவும், இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் போனில் கேட்டபோது கிளட்ச் போய்விட்டது என்று உடனே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். நான் முதலாமவரை நம்புகிறேன். அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், கண்ணு. நாளைக்கு வேறொரு வண்டி, வேறொரு மெக்கானிக் என்று வரும்போது என்னைக் கேட்காமலேயே நீ முடிவெடுக்க வேண்டும்.

வைட்டிலா மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜினின் இரைச்சல் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்பதுதான் நீ சொன்ன முதல் குறை. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ பெட்ரோல் சரியாக வராமல் போனாலோ என்ஜினே சோர்ந்துவிடும். வேகத்தோடு சத்தமும் சேர்ந்து இறங்கும். சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால், என்ஜினின் பலம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு இருக்கிறது. உன் வண்டியில் அந்த வழியில் இருப்பவை பெல்ட்டும் கிளட்ச்சும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் முன்புல்லியையும் பின்புல்லியையும் ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கிறது. ஒவ்வொரு புல்லியும் சாய்ந்த முகம் கொண்ட இரண்டு தட்டுகளால் ஆனது. என்ஜின் வேகமெடுக்கும்போது முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்புறமாக ஒதுங்கி ஒரு தட்டை மற்றதை நோக்கித் தள்ளுகின்றன. இடைவெளி குறுகுவதால் பெல்ட் முன்னால் விளிம்பை நோக்கி ஏறுகிறது, பின்னால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மீறித் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. மற்ற வண்டிகளில் நாம் கையாலும் காலாலும் மாற்றும் கியரின் வேலையை இங்கே இந்த ஏற்ற இறக்கமே செய்கிறது. பெல்ட்டின் பக்கவாட்டு முகங்கள் தேய்ந்து அகலம் குறைந்துவிட்டால், அது முன்புல்லியில் பழைய உயரத்துக்கு ஏறாது. முன்பு எளிதாக எட்டிய வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். புதிய பெல்ட்டுக்கும் மாற்ற வேண்டிய பெல்ட்டுக்கும் அகலத்தில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுண்ணிய அளவெடுக்கும் வெர்னியர் கருவி வைத்து அளக்க வேண்டும். அவர் அளந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தில் பெல்ட்டின் உள்பக்கப் பற்களின் அடியில் குறுக்கே விரிசல் ஓடியிருப்பது எனக்கே தெரிகிறது. நடுவேகத்தில் வண்டி தயங்கித் தயங்கி இழுக்கிறது என்றாயே, ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அப்படித்தான் செய்யும். சுற்றும்போது விரிந்து பின்சக்கரத்துக்குப் பலத்தைக் கடத்தும் கிளட்ச் ஷூ தேய்ந்திருந்தால் சிக்னலில் இருந்து கிளம்பும்போதே நடுக்கமோ வழுக்கலோ தெரிய வேண்டும். கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை என்கிறாய். போனில் சொல்லப்பட்ட முடிவு நீ சொன்ன குறையோடு பொருந்தவில்லை.

உன் வண்டி 23,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தகைய ஸ்கூட்டர்களில் 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றுவது வழக்கம். உன் மாடலுக்கு உரிய கணக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கொச்சியில் நின்று நின்று நகரும் போக்குவரத்தில் பெல்ட்டுக்குச் சூடும் அதிகம், தேய்மானமும் அதிகம்.

நம் மாவு மில்லில் இத்தனை வருடங்களாகப் பெல்ட்டோடு பழகியதில் நான் உறுதியாக நம்புவது, தேய்ந்ததை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை என்பதைத்தான். மில் பெல்ட் ஒரு விளிம்பில் மட்டும் நைந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட்டைப் போட்டால் அதுவும் அதே விளிம்பில் நைந்துவிடும். ஆகவே மெக்கானிக்கிடம் திரும்பப் போகும்போது இரண்டு விஷயங்களை மரியாதையாகக் கேள். பெல்ட் பெட்டிக்குள் எங்காவது ஆயில் கசிந்திருக்கிறதா என்பது ஒன்று. என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் பக்கத்தில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையமோ பின்னால் கியர் ஆயிலைத் தடுத்து நிற்கும் சீலோ கசிந்தால், எண்ணெய் பட்டுப் புதுப் பெல்ட்டும் வழுக்கும். உள்ளே கறுப்புத் தூள் படிந்திருந்தால் பயப்படாதே, அது ரப்பர் தேய்ந்த தூள்தான். ஈரப் பிசுக்குத்தான் கூடாது. புல்லித் தட்டுகளின் முகத்தில் பள்ளமோ படியோ விழுந்திருக்கிறதா என்பது மற்றொன்று. விழுந்திருந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததை இன்னும் பார்க்கவில்லை என்றும் பிரித்துச் சொல்கிறவர் அவர். கிளட்ச்சையும் சேர்த்துப் பட்டியலில் எழுதியிருந்தால் நீ மறுத்திருக்கப் போவதில்லை, அவர் எழுதவில்லை. வண்டியைத் தொடாமலேயே முடிவு சொன்னவரை விட, திறந்து, அளந்து, படமெடுத்துக் காட்டியவரைச் சந்தேகிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உன் நண்பர்கள் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அவர்களில் யாரும் அந்தப் பெட்டிக்குள் பார்க்கவில்லை.

வேலையை ஜூன் பிறப்பதற்குள் முடித்துவிடு. தேங்கிய தண்ணீரில் ஓட்டிப் பெல்ட் பெட்டிக்குள் ஈரம் புகுந்தாலும் இதேபோல்தான் வழுக்கும். மழை தொடங்கிவிட்டால் எது தேய்மானம், எது ஈரம் என்று பிரித்தறிவது அவருக்கும் சிரமம். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வண்டி மட்டும் பலமிழந்து நின்றுவிடும். பேருந்துகளுக்கு நடுவே நீ அப்படி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கம்பெனி பெல்ட்டையே போடச் சொல். பெல்ட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசைக்கு ஏற்ப மாட்டியிருக்கிறாரா என்று மூடுவதற்கு முன் பார். கழற்றிய பெல்ட்டையும் ரோலர்களையும் வாங்கி வை, அடுத்த முறை ஊருக்கு வரும்போது நானும் பார்க்கிறேன். மாற்றிய அன்று மீட்டரில் உள்ள கிலோமீட்டரைப் பில்லின் பின்புறத்தில் எழுதிக்கொள். பணம் போதவில்லையென்றால் சொல், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா