பர்மிங்காம் முற்றத்து வீடுகளில் வளர்ந்தவர்களைப் பதிவுசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர் வரலாற்றுக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அந்த வீடுகளில் வளர்ந்த முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் உங்கள் வேலை ஏன் அவசரம் என்பதற்கு ஆவணங்களே சாட்சி. இங்கிலாந்தின் 1931 மக்கள் கணக்கெடுப்புப் படிவங்கள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போர் நடந்ததால் கணக்கெடுப்பே இல்லை. 1951 படிவங்கள் 2052இல்தான் திறக்கப்படும். இடையில் இருப்பது, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று நாட்டு மக்களைக் குறித்து எடுத்த பதிவேடு மட்டுமே. அதிலும் பிறந்து நூறாண்டு ஆகாதவர்களின் வரிகளை, இறப்பு உறுதியானால் ஒழிய, மறைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் பிள்ளைகள் அந்தக் கறுப்புப் பட்டைக்குள் இருக்கிறார்கள். போதாததற்கு, குண்டுவீச்சுக்கு அஞ்சி அந்தச் செப்டம்பர் 1 முதலே பள்ளிப் பிள்ளைகளை நகரத்திலிருந்து வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் முன்பின் அறியாத குடும்பத்தோடு எங்கோ பதிவாகியிருப்பார்கள். வீட்டு முகவரியில் பெயர் காணோம் என்று ஒருவர் சொல்வதைச் சந்தேகிக்காதீர்கள்.

முகவரியிலும் தடுமாற்றம் வரும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இந்த வீடுகளில் ஒரு பாதி தெருவைப் பார்க்கும். மறுபாதி உள்முற்றத்தைப் பார்க்கும். உள்ளே இருந்தவர்கள் ‘52க்குப் பின்பக்கம், 3ஆம் வீடு’ என்பதுபோல முகவரி சொல்வார்கள். இன்றைய வரைபடத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. 1880களில் 1:500 அளவில் வரைந்த நகர வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். ஒரு சென்டிமீட்டர் ஐந்து மீட்டர் என்பதால் தனித்தனி வீடும் முற்றமும் அதில் தெரியும். விரலை வைத்து அவர்களே காட்டட்டும்.

“உங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது?” என்று மட்டும் தொடங்காதீர்கள். “ஏழைகள்தான், ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். முற்றத்துக்குப் பொதுவான சலவைக் கூடத்தை அவர்கள் ‘புரூஅஸ்’ என்பார்கள். அங்கே செங்கல்லில் பதித்த கொப்பரை, அடியில் அடுப்பு வாய், மேலே மரமூடி. உங்கள் வீட்டு முறை என்றைக்கு? யார் தீ மூட்டினார்கள்? முற்றத்துக் குழாயிலிருந்து எத்தனை வாளி சுமந்தீர்கள்? குளிரில் குழாய் உறைந்தால் என்ன செய்தீர்கள்? வெள்ளைத் துணிக்கு, நீலத்தைக் கட்டிய சிறு பொட்டலத்தை அலசும் தண்ணீரில் ஆட்டுவார்கள். சரியாகக் கலக்காவிட்டால் துணியில் கோடு விழும். பிழியும் உருளையில் பொத்தான் நொறுங்காமல் துணியை எப்படி மடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாய் சொல்வதற்கு முன் கை மடித்துக் காட்டும். கை காட்டியதை ஒலிப்பதிவு பிடிக்காது; “சட்டையின் முன்பக்கத்தை உள்ளே மடிக்கிறீர்கள்” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குப்பை போடும் இடம் ‘மிஸ்கின்’. எழுத்தாக்கும்போது இத்தகைய சொற்களைத் திருத்திவிடாதீர்கள், தானியங்கி மென்பொருள் திருத்தவும் விடாதீர்கள்.

ஆண்டைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள். பர்மிங்காமின் பழைய டிராம் வண்டிகள் கடைசியாக ஓடியது 1953 ஜூலை 4. மிட்டாய்ப் பங்கீடு 1949 ஏப்ரலில் நீங்கி, கடைகள் காலியானதால் ஆகஸ்டில் திரும்பி, 1953 பிப்ரவரியில்தான் ஒழிந்தது. பங்கீடு நீங்கியதற்கு அக்காவும் தம்பியும் வேறு வேறு ஆண்டு சொன்னால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஒலிக் கோப்பாக எடுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். சுவர்க் கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். அந்த டிக் டிக்கைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. பிரிட்டிஷ் சட்டப்படி, பதிவுக்கு உரியவர் நீங்களானாலும் பேசிய சொற்களின் பதிப்புரிமை பேசியவருடையது. எழுத்தில் அனுமதி வாங்காமல் விட்டால், அவர் காலமான பின் வாரிசுகளைத் தேடி அலைய நேரும். பதிவு பெட்டியிலேயே கிடக்கும். பேசி முடித்த அன்றே, அவர் எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்த நிலையில், கையெழுத்து வாங்குங்கள். உயிரோடிருக்கும் பக்கத்து வீட்டாரைப் பற்றிய பகுதிகளை நேரம் குறித்துத் தனியே வையுங்கள்.

ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள், அவர் வீட்டில் இருக்கும் கருவியில் ஓடும் வடிவத்தில்.

அன்புடன்,
பழைய தெருக்களின் பதிவுகளோடு பழகிய சிலர்