2024–25 ஆண்டறிக்கை: கறவை மாடு வளர்ப்போர் நலச் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு முறைப்படி கூடியது. கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு சுற்றும் நடந்தது. மாட்டுப் பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது.

கட்டுத்தறி, அதாவது மாட்டுக் கொட்டகைச் சீரமைப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் சங்க வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகச் சாணி பார்க்கிறார்" என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. பால் குறைகிறது, மடிநோய் விடமாட்டேன் என்கிறது என்று புகார் சொன்ன வீடுகளுக்குத்தான் முதலில் போனோம். தீவனத் தொட்டிப் பக்கம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும், தரையின் யோக்கியதை தெரிந்துவிடும். மாடு நிற்கும் ஐந்தரை அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு) இருந்தால் தண்ணீர் தானாகக் கால்வாய்க்கு ஓடும். பல இடங்களில் பின்னங்கால் மிதிக்கும் இடம் குழியாகி மூத்திரம் தேங்கிக் கிடந்தது. கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துவாரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு அந்தக் குழியில் படுத்தால் மடிநோய் வராமல் என்ன செய்யும்? கறந்ததும் தீவனம் போட்டு நிற்க வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். அப்புறம் குழியை மூடிச் சிமெண்ட் போட்டு, வழுக்காமல் இருக்க வரியும் இழுத்துக் கொடுத்தோம்.

ஒரு வீட்டில் மண்சுவர் வெடிப்பை விளக்குமாற்றுக் குச்சியால் கிளறியபோது உண்ணி முட்டை பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக வந்தது. அந்த அம்மா மாதம் தவறாமல் மாட்டுக்கு மருந்து அடிப்பவர். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, இதுபோன்ற இடுக்கில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காமல் மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் காசுக்குத்தான் கேடு. இன்று அந்தச் சுவரை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

மின் ஒயர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. நனைந்த தரையில் நிற்கும் மாட்டுக்கு நம்மைவிடக் குறைந்த மின்சாரமே உயிர் போகப் போதும். தகரக் கூரையை உரசும் ஒயரையும், தீவனத் தட்டு வெட்டும் மெஷினுக்குப் போகும், நாடா சுற்றி ஒட்டுப்போட்ட ஒயரையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிட்டால் நிம்மதி. சொல்லியும் மாற்றாத வீடுகள் இருக்கின்றன.

இந்த வேலைக்கு ஞாயிறுதோறும் வருவதாகக் கை தூக்கியவர்கள் பலர், வந்தவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வயலை விட்டு வர முடியாது, சரி. வைகாசியில் வாய்க்காலே காய்ந்து கிடந்ததே, அப்போது என்ன? சந்தாவும் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பாக்கி வைத்தவர் வீட்டுத் தரையையும் நாங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறோம், மாடு என்ன பாவம் செய்தது என்றுதான். ஆனால் ஒழுங்காகக் கட்டுபவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் நான்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, சிறு தொகை கையிருப்பு உண்டு. சிமெண்டுக்குக் கைக்காசு போட்டவர்களுக்குக் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

கால்நடை மருத்துவர், ஆய்வாளர், கொத்தனார், இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்தார் ஆகியோருக்கு நன்றி. விடிவதற்குள் சாணி அள்ளிக் கழுவிவிடும் பெண்களுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டு எருக்குழிகளைக் கட்டுத்தறியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். எருவில் ஈ இடும் முட்டை வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் ஈயாகிவிடுகிறது. மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய் முக்கியமாகக் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாகப் பரவுகிறது. கூரை ஒழுகுபவர்கள் அரசுத் திட்டத்தில் கொட்டகைக்கு எழுதிக் கொடுக்கலாம், மனு எழுத நான் உதவுகிறேன். பொறுப்பில் யார் இருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன் மீதித் தரைகளை முடித்தாக வேண்டும், அதற்குச் சிமெண்ட் வாங்கக் கையிருப்பு போதாது. சந்தா நோட்டும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பெயர் எழுதும் நோட்டும் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் முன் இரண்டையும் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்