ஓட்டுப் போடும் முன்பே வந்த முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். இங்கேயும் மொபைலில் உங்கள் நாளிதழைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். ஒரு குறை உண்டு.

மியாமியில் நடந்த வேட்பாளர் விவாதத்தில் போட்டியாளர் விவேக் ராமசாமி, சக போட்டியாளர் நிக்கி ஹேலியின் மகள் டிக்டாக் பார்ப்பதை இழுத்தார். ஹேலி பதிலுக்கு அவரைக் கழிசடை என்றார். பெரிய செய்தி. ஹேலியின் குதிகால் செருப்பு மூன்று அங்குலமா, ஐந்து அங்குலமா என்பதற்கும் இடம் கிடைத்தது. டிசம்பரில் டஸ்கலூசா விவாத மேடையில் 'நிக்கி = ஊழல்' என்று எழுதிய நோட்டை ராமசாமி தூக்கிக் காட்டியது படத்தோடு வந்தது. ஒருவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இன்னொருவர் பஞ்சாபிப் பெண். நமக்கு ஆர்வம் இருக்கத்தான் செய்யும். ஆனால் டிரம்ப் ஒரு விவாதத்துக்குக்கூட வரவில்லை என்பதும், கிறிஸ் கிறிஸ்டி போல ஒன்றிரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் வராத அந்த ஆளை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள் என்பதும் குழாயடிச் சண்டையின் கடைசி வரியில்தான் வந்தன.

சரி, அது போகட்டும். நான் எழுத வந்தது பொங்கலன்று பார்த்ததை.

2024 ஜனவரி 15 இரவு, குளிர் மைனஸ் 20 டிகிரியை ஒட்டி. பக்கத்து வீட்டம்மா குடியரசுக் கட்சிக்காரர். "வேடிக்கை பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். சேலைக்கு மேல் மருமகனின் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் காகஸ், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். அதாவது நம்மைப் போல நாள் முழுக்க வரிசையில் வந்து போவதில்லை. இரவு ஏழு மணிக்கு எல்லாரும் கூடி, வேட்பாளர்களுக்காக ஆளுக்கு ஒருவர் எழுந்து பேசி, அப்புறம் வெற்றுத் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போட வேண்டும். ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள் நான். மையும் இல்லை, மறைப்பும் இல்லை. பாப்கார்ன் டப்பாதான் வாக்குப்பெட்டி. கை பரபரத்தது.

ஹேலிக்காக ஒரு கல்லூரிப் பையன் பேசிக்கொண்டிருந்தான். ஏழரை மணி. கூடத்தில் ஒவ்வொரு மொபைலாக அதிர்ந்தது. டிரம்ப் வென்றுவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டதாம்! எங்கள் கூடத்தில் ஒரு சீட்டுகூட விழவில்லை. பையன் பாதியில் நிறுத்தி, சிரித்து, மறுபடி தொடர்ந்தான். இப்படியா செய்வது என்று இன்னொரு போட்டியாளரான டிசாண்டிஸ் தரப்பு அன்றே கொதித்தது.

கணிப்பு தப்பில்லை. டிரம்புக்கு 51 சதவீதம், டிசாண்டிஸுக்கு 21, ஹேலிக்கு 19, ராமசாமிக்கு 8-க்கும் கீழே. அவர் அன்றிரவே விலகிவிட்டார். ஆனால் 99 மாவட்டங்களில் ஒன்றான ஜான்சனில் மட்டும் ஹேலி டிரம்பை முந்தினார். ஒரே ஒரு ஓட்டில்! அந்த மாவட்டத்தில் மொபைலைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால்?

நம் ஊரில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக் கணிப்பை வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நமக்கும் 2024-இல்தான் மக்களவைத் தேர்தல். அயோவா அறிவிப்பு வந்தபோது நம் ஊரில் மாட்டுப் பொங்கல் காலை. 'டிரம்ப் அபார வெற்றி' என்று உங்கள் இணையப் பக்கத்திலும் சுடச்சுட வந்தது. ஓட்டுப் போட்டு முடிப்பதற்குள் வந்த முடிவு அது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இனிமேலாவது யார் யாரைத் திட்டினார் என்பதில் பாதி இடத்தை, ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்பதற்குக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டம்மா மொபைலைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, சீட்டில் ஒரு பெயரை நிதானமாக எழுதி, நான்காக மடித்து டப்பாவில் போட்டார். யார் பெயர் என்று நான் கேட்கவில்லை. தேர்தல் பணி பார்த்த பழக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கும்பகோணம். (முகாம்: அயோவா)