முயற்கொம்பு: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தோழி மூன்று நாட்களாக உனக்குப் பதில் எழுதவில்லை என்று தொடங்கி, அவள் உன்னை எப்போதுமே மதித்ததில்லை என்று முடித்திருக்கிறாய். கடைசி வரியில், பௌத்தம் மோகம் என்று எதைச் சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கான விடை உன் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் இப்படிப் பலமுறை துன்பப்பட்டிருக்கிறேன்.

மோகம் என்றதும் நமக்கு ஆசைதான் நினைவுக்கு வரும். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ஆசைக்கு லோபம், ராகம் என்று வேறு சொற்கள் உண்டு; அங்கே மோகம் என்பது மயக்கம், அதாவது உள்ளதை உள்ளபடி காண முடியாமை. மணிமேகலை, பன்னிரு நிதானங்களில், அதாவது துன்பம் தோன்றுவதற்கான காரணங்களின் தொடரில், முதலாவதான பேதைமையை விளக்கும்போது, 'கண்டது மறந்து முயற்கோடு உண்டெனக் கேட்டது தெளிதல்' என்கிறது. கண்ணால் கண்ட முயலை மறந்துவிட்டு, அதற்குக் கொம்பு உண்டு என்று கேட்டதை நம்பிவிடுதல். அந்தத் 'தெளிதல்' என்ற சொல்லிடம் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அறியாமையை இருட்டாகவே எண்ணிப் பழகிவிட்டோம்; ஆனால் மயங்கியவருக்கு எதுவும் மங்கலாகத் தெரிவதில்லை, எல்லாம் விளங்கிவிட்டது என்றே தோன்றுகிறது. 'இப்போதுதான் அவளைப் புரிந்துகொண்டேன்' என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது என் மனம் கலங்கியது அதனால்தான்.

புத்தரின் உரைகளின் பாலித் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம், நிலையற்றதை நிலையானதாகக் கொள்வது உள்ளிட்ட நான்கு பிறழ்வுகளைக் கூறி, அவை ஒவ்வொன்றும் புலனறிவு, எண்ணம், கொள்கை என மூன்று நிலைகளில் நிகழ்வதாகச் சொல்கிறது. பதில் வராததைப் புறக்கணிப்பாகவே நீ கண்டது முதல் நிலை. இரவெல்லாம் அதையே நினைத்துப் பழைய நிகழ்ச்சிகளைச் சாட்சிக்கு அழைத்தது இரண்டாவது. 'அவள் இப்படிப்பட்டவள்' என்று, நாள்தோறும் மாறும் ஒரு மனுஷிக்கு மாறாத உருவம் கொடுத்தது மூன்றாவது. அதன்பின் அவள் அன்பாகப் பேசினாலும் அது நடிப்பாகத்தான் உனக்குத் தெரியும்.

அதே நிகாயத்தில், ராகம் குற்றத்தில் சிறிது, மெல்ல நீங்குவது. துவேஷம் குற்றத்தில் பெரிது, விரைவில் நீங்குவது. மோகமோ குற்றத்திலும் பெரிது, நீங்குவதும் மெல்லவே என்று ஓரிடத்தில் வருகிறது. கோபம் சுடுவதால் அதைக் கீழே வைக்கத் தோன்றும். மயக்கம் சுடுவதில்லை என்பதே அது நெடுநாள் தங்குவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்காக, தோழி நல்லவள்தான் என்று உன்னை நம்பவைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவள் உண்மையிலேயே உன்னை ஒதுக்கியிருக்கவும் கூடும். ஆராயாமல் ஏற்கும் இனிய கதையும் இன்னொரு முயற்கொம்புதான். பாலி நூல்கள் 'யோனிசோ மனசிகாரம்' என்று கூறுவது, நிகழ்ந்ததன் வேர்வரை சென்று கவனிப்பதை.

ஆகவே எனக்கு இன்னொரு கடிதம் எழுது. அவள் சொன்ன சொற்களையும் செய்த செயல்களையும் மட்டும் எழுது. அவற்றுக்கு நீ கொண்ட பொருளைத் தனித் தாளில் எழுதி உன்னிடமே வைத்துக்கொள். முதல் தாள் எவ்வளவு நீளம் வருகிறது என்று அறியக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்