கூப்பனுக்கு யார் கணக்குச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜிகளின் பிடியில் இருந்த நெதர்லாந்து பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான். ஆனால், “கொஞ்சம் துணிச்சல் இருந்திருந்தால் எல்லாக் குடும்பங்களும் கதவைத் திறந்திருக்கும், ஒரு லட்சம் யூதர்கள் பிழைத்திருப்பார்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

கதவைத் திறக்க ஒரு நிமிடம் போதும். உள்ளே வந்தவர் மறுநாள் காலையில் சாப்பிட வேண்டாமா? அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெண்ணெயும் கூப்பனுக்குத்தான் கிடைத்தன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒளிந்திருப்பவருக்கு ஏது கூப்பன்? நான் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டில் எத்தனை வாய் என்பது எடைத்தராசின் முன்னால் நிற்பவனுக்குத் தெரியாமல் போகாது. விருந்தாளி வந்து ஒரு வாரம் தங்கினாலே “இந்த மாதம் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடுங்களேன்” என்று வருவார்கள். அங்கே இப்படி வாய்விட்டுக் கேட்டால் காரியம் கெட்டது.

நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் உள்பட எட்டுப் பேர் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகத்தின் பின்கட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒளிந்திருந்தார்களே, அவர்கள் வயிற்றை நிரப்பியது யார்? மீப் கீஸும் பெப் வோஸ்கைலும் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்கள். மீப்பின் கணவர் யான் தலைமறைவு இயக்கத்தார் மூலம் ரேஷன் அட்டைகள் வாங்கி வந்தார். பக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருந்த ஹென்ட்ரிக் வான் ஹூவ, இத்தனை உருளைக்கிழங்கு யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார். அவரும் தன் வீட்டில் இரண்டு யூதர்களை ஒளித்துவைத்திருந்தார். 1944 மே மாதம் பிடிபட்டு முகாமுக்குப் போனார். தங்கள் கட்டுரையில் இவர் பெயர் இல்லை. கடைக்காரன்தானே!

அடுத்து, அக்கம்பக்கம். நான் வேலை பார்த்த காலத்தில் ‘இன்னார் வீட்டு அட்டையில் இல்லாத ஆள் பெயர் இருக்கிறது’ என்று மொட்டைக் கடுதாசி வந்தபடியே இருக்கும். விசாரித்தால் சாக்கடைத் தகராறாக இருக்கும். எழுதியவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. நெதர்லாந்தில் 1943இல் ஒளிந்திருந்த யூதரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் (அந்நாட்டு நாணயம்) பரிசு. பணத்துக்காகவே ஆள் தேடி அலைந்த கும்பல் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக் கொடுத்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் ஆபத்து. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நடந்த வீடுகளில்தான் ஏறத்தாழ 25,000 யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்குபோல் பிடிபட்டார்கள்.

கதவைத் திறக்காதவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கட்டுரையாளருக்குக் கோபம் வந்தால், அதை முதலில் என்னைப் போன்ற பதிவேட்டுக்காரர்கள்மேல் காட்டட்டும். 1941இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஊழியர்கள், எந்தத் தெருவில் எத்தனை யூதர்கள் என்று புள்ளிவைத்து வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். கையெழுத்துப் பிசகாத வேலை. அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அடுப்பங்கரையில் நின்றவர்களுக்குத்தான் துணிச்சல் பாடம்.

இது முதல் தடவையும் அல்ல. போலந்தின் மார்கோவா கிராமத்து உல்மா குடும்பத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எட்டு யூதர்களுக்கு அடைக்கலம் தந்ததற்காக 1944 மார்ச் 24 அன்று நிறைமாத கர்ப்பிணியான தாயையும் ஆறு குழந்தைகளையும்கூட விடாமல் சுட்டுக் கொன்றார்கள். அதற்குக் கால் பக்கம், கீழே நகைக்கடை விளம்பரத்துக்கு முக்கால் பக்கம். அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. சமையல் குறிப்பைப் பாராட்டி எழுதியதை மட்டும் பெட்டி கட்டி வெளியிட்டீர்கள், மிக்க நன்றி.

என் கோரிக்கை சிறியது. ஃபிராங்க் குடும்பம் ஒளியப் போன ஆண்டு 1924 என்று அச்சாகியிருக்கிறது. 1942 என்று திருத்துங்கள். அதே திருத்தத்தில் மீப் கீஸ், யான் கீஸ், பெப் வோஸ்கைல், அதே அலுவலகத்திலிருந்து உதவிய விக்டர் குக்லர், யோஹன்னஸ் கிளைமன், வான் ஹூவ ஆகிய பெயர்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். இடப் பற்றாக்குறை என்று வழக்கம்போல் கடிதத்தைச் சுருக்குவதானால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளலாம். காய்கறிக் கடைக்காரரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
மன்னார்குடி.