ஆச்சரியத்தில் ஆழ்ந்தவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள் தங்கள் நாளிதழில், "பின்தங்கிய மாவட்டமான அரியலூர் முதலிடம் பிடித்து அனைவரையும் ஆச்சரியத்தில் ஆழ்த்தியது" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த 'அனைவரும்' யார் என்று தெரிந்தால் நேரில் போய் நலம் விசாரித்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். 2024இல் பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்தோடு இதே மாவட்டம் முதலிடத்தில் இருந்தபோதும் அவர்கள் ஆழ்ந்துதான் போனார்கள். ஓராண்டாகியும் கரையேறவில்லை போலிருக்கிறது.

இந்த முறை மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், எங்கள் மாவட்டம் 98.82. அரசுப் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்தாலும் 98.32 சதவீதத்தோடு நாங்கள்தான் முதலில். இந்தக் கடைசி எண் தங்கள் செய்தியில் இல்லை. முதலிடம் பிடித்த தனியார் பள்ளிகளின் முழுப் பக்க விளம்பரங்களுக்கு நடுவில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. தங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது.

பின்தங்கிய மாவட்டம் என்றதில் எனக்கு வழக்கில்லை. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், எங்களுடையது 71.34. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வேன் வைத்து ஜெயங்கொண்டத்துக்கும் அரியலூருக்கும் அனுப்ப முடிந்தவர்கள் அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். அப்பனும் ஆத்தாளும் திருப்பூரிலோ சென்னையில் கட்டட வேலையிலோ இருப்பார்கள், பிள்ளை ஆயாவிடம் வளரும். மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் அந்தக் கிழவியின் பெருவிரல் ரேகை இருக்கும். முந்திரிக் காலத்தில் சில பெண்பிள்ளைகளின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கொட்டை உடைக்கும்போது படுகிற பால் அப்படிச் செய்யும். அந்த விரலால் காம்பஸைப் பிடித்துத் தொடுகோடு வரையச் சொல்வேன். தாளில் கறை பட்டால் திட்டியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

98.82 எப்படி வருகிறது என்று தங்கள் நிருபர் யாரையாவது கேட்டிருக்கலாம். மாலை வகுப்பு ஏழு மணி வரை நடக்கும். கடைசி பஸ் போய்விட்டால் பையன்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இறக்கிவிடுவோம். சுண்டல் செலவு எங்கள் சம்பளத்தில். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருப்பவனுக்கு முதலில் இந்தப் பதினாறை உறுதி செய்வோம். பிறகு ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்ய வைப்போம். மீதியை அவன் குலதெய்வம் பார்த்துக்கொள்ளும். அப்படி முப்பத்தைந்து வாங்கிய ஒருவன் இன்று எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி என்றால் கால்குலேட்டரைத் தேடுகிறான். அதையும் நீங்கள் எழுதலாம், நான் கோபப்பட மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்றும் மாவட்டம் மாவட்டமாகக் கேட்டு எழுதலாம். தேர்ச்சி சதவீதம் குறைந்தால் மேலிடத்திலிருந்து என்ன பேச்சு வரும், அந்தப் பேச்சுக்குப் பயந்து சில தலைமையாசிரியர்கள் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்புவார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அது ஒரு மாவட்டத்தோடு நிற்கிற வியாதியும் அல்ல. இவ்வளவும் இருக்க, தங்களுக்குக் கிடைத்தது 'ஆச்சரியம்'.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதே செய்தியின் கடைசிப் பத்தியில், எங்கள் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையை "பெரம்பலூர் மாவட்டம் செந்துறை" என்று போட்டிருக்கிறீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் ஆனோம். 2001இல் அரியலூர் மாவட்டம் பிறந்தது, 2002இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். பள்ளியின் ரப்பர் முத்திரை நான்கு முறை மாறியது. எங்கள் எழுத்தர் விவரமானவர். 2001இல் பெரம்பலூர் முத்திரையைத் தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தார், அடுத்த வருடமே அது உதவியது. அரியலூர் முத்திரையையும் அதே இழுப்பறையில் போட்டு ஐந்து வருடம் காத்திருந்தார். 2007இல் எடுத்தபோது ரப்பர் காய்ந்து 'அ' மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நாளைக்கு எங்கள் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களில் 'ரியலூர்' என்றுதான் விழுந்தது. சம்பளப் பட்டியல் எந்தக் கருவூலத்துக்கு, புத்தகக் கட்டு எந்த அலுவலகத்தில் என்று அலைந்ததை எழுதினால் தங்கள் இதழ் தாங்காது. அத்தனை அலைச்சலுக்குப் பிறகு வாங்கிய மாவட்டம் ஐயா இது.

தங்கள் நிருபர்களுக்குச் செந்துறை தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. 2017 செப்டம்பரில் குழுமூர் அனிதா இறந்தபோது உங்கள் கார்கள் செந்துறையைத் தாண்டித்தான் போயின. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவம் கிடைக்காத பெண். வந்த நிருபர் ஒருவருக்கு நானே வழி சொன்னேன். மறுநாள் இதழை எடுத்துப் பாருங்கள், "அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம்" என்று ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும். சாவு வீட்டுக்கு வரும்போது சரியாக இருந்த விலாசம், பிள்ளைகள் தேறிய நாளில் எப்படி மாறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாளையோ மறுநாளோ ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் என்று ஒரு வரி போடுங்கள். செந்துறை எந்த மாவட்டம் என்று இருந்தால் போதும். ஆச்சரியத்தைத் திரும்பப் பெற வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மே மாதத்துக்கு ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செந்துறை வட்டம்,
அரியலூர் மாவட்டம்.